பத்தாவது மாதத்து இணையம்

(நந்தனத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பத்துநான்கு வருஷம் தொலைபேசித் துறையில் கேபிள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வேலை தொடர்பான ஒரு சம்பவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2024 ஆகஸ்ட் மாதம் கடைசி வாரம். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் ஆசிரியை ஒருநாள் சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று, "சார், எங்க ஸ்கூல்ல நெட் வர்றதே இல்ல. உங்களுக்கு இந்த லைன் விஷயமெல்லாம் தெரியுமே, ஒரு தடவை வந்து பாக்கறீங்களா?" என்று கேட்டார். அவர் வேலை பார்ப்பது தென் சென்னையில் உள்ள ஓர் அரசுப் பள்ளி. பெயர் வேண்டாம். ஒரு பள்ளியைக் குறை சொல்வதற்காக நான் இங்கே வரவில்லை.

மறுநாள் காலையில் போனேன். ஹைடெக் லேபைத் திறந்து காட்டினார்கள். இருபது கணினிகள். ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். உறையை எடுத்தால் திரையின் ஓரத்தில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்திருந்தன. அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிற பள்ளி அது. மூலையில் ஓர் இரும்பு பீரோ, அதன் மேல் மோடம். மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று அதற்குப் பொருள்.

பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் நூல்போல ஒரு வயர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கி நசுங்கிக் கிடந்தது. ஏப்ரல் 19-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. அந்தப் பள்ளி வாக்குச்சாவடி. அறையில் இடம் பண்ணுவதற்காக யாரோ பீரோவை ஒரு முழம் நகர்த்தியிருக்கிறார்கள். செம்புக் கம்பியை மடக்கினாலும் அதில் பேச்சு போகும். கண்ணாடி இழை அப்படியில்லை. உள்ளே ஓடுவது ஒளி. கூர்மையாக மடங்கிய இடத்தில் அது வெளியே கசிந்துவிடும். நானும் ஒரு பத்தாம் வகுப்புப் பையனும் சேர்ந்து பீரோவை முன்னுக்கு இழுத்து வயரை நீவிவிட்டோம். இழை உடையாமல் இருந்தது அதிர்ஷ்டம். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு வந்தது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷ வேலை.

அந்த வருஷம் பள்ளி திறந்தது ஜூன் 10. நான் போனபோது பதினோரு வாரம் ஆகியிருந்தது. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஐம்பத்தைந்து வேலை நாள். வருஷத்துக்கு இருநூற்றிருபது வேலை நாள் என்று வைத்தால் கால்வாசி வருஷம். ஒரு பீரோ ஒரு முழம் நகர்ந்ததற்கு இருபது கணினிகளும் சில நூறு பிள்ளைகளும் கால்வாசி வருஷத்தை இழந்திருக்கிறார்கள்.

"கம்ப்ளெய்ன்ட் கொடுக்கலையா?" என்று கேட்டேன். கொடுக்கத்தான் பார்த்திருக்கிறார்கள். இணைப்பு பதிவாகியிருப்பது முன்பு இருந்த தலைமை ஆசிரியரின் கைப்பேசி எண்ணில். அவர் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். புகார் பதிய வேண்டுமானால் ஓ.டி.பி. அவருடைய போனுக்குப் போகிறது. அவர் அங்கே வகுப்பில் இருப்பார். போனை எடுத்துப் பார்த்து எண்ணைச் சொல்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். இப்படியே நாலைந்து முறை நடந்திருக்கிறது. பிறகு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பள்ளிக்கு இணையம் கொடுப்பதென்பது திறப்பு விழாவோடு முடிகிற காரியம் இல்லை. முதல் நாள் எல்லாப் பள்ளியிலும் நெட் வரும். பத்தாவது மாதம் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த மாதத்துக் கட்டணத்தை யார் கட்டுகிறார், வயர் அறுந்தால் யார் வருகிறார், யாருக்குப் போன் செய்ய வேண்டும்?

நம் மாநிலத்தில் செய்திருப்பது சின்ன வேலை இல்லை. 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது, உயர்நிலைப் பள்ளிக்குப் பத்துக் கணினி, மேல்நிலைப் பள்ளிக்கு இருபது என்று. பிறகு நடுநிலைப் பள்ளிகளுக்கும் லேப், தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் என்று அரசு அறிவித்தது. நம் சென்னை மாநகராட்சியில் 28 பள்ளிகளைப் பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் உதவியோடு 95 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு மேம்படுத்தும் திட்டமும் நடந்தது. நாடு முழுவதற்குமான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் பள்ளிக் கணக்கெடுப்புப்படி 2023-24-இல் இந்தியப் பள்ளிகளில் 53.9 விழுக்காட்டில்தான் இணையம் இருந்தது. அடுத்த ஆண்டு அது 63.5 ஆனது. ஒரே ஆண்டில் ஏறத்தாழ பத்துப் புள்ளி ஏறியது பெரிய விஷயம். ஆனால் அந்தப் படிவத்தில் 'இணைய வசதி உண்டா' என்று கேட்டால், நான் போன பள்ளியும் 'உண்டு' என்றுதான் எழுதியிருக்கும். மோடம் இருக்கிறதே! சிவப்பு விளக்கு எரிகிற பதினோரு வாரத்துக்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

'அதிவேகம்' என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 2004-இல் நம் நாட்டில் பிராட்பேண்ட் என்றால் விநாடிக்கு 256 கிலோபிட். 2014 வாக்கில் அது 512 ஆனது. 2023 ஜனவரியில்தான் 2 மெகாபிட் என்று மாற்றினார்கள். சட்டத்தின் கணக்கில் 2 மெகாபிட் வந்தாலே அது அகன்ற அலைவரிசை. பள்ளியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தெளிவான ஒரு காணொளி ஓடுவதற்குச் சுமார் 5 மெகாபிட் வேண்டும். லேபில் இருபது கணினியிலும் ஒரே நேரத்தில் பிள்ளைகள் காணொளி பார்த்தால் 100 மெகாபிட். பள்ளிக்கு வாங்கியிருக்கும் மொத்த வேகமே பெரும்பாலும் அவ்வளவுதான். அதே நேரத்தில் கீழே ஸ்மார்ட் வகுப்பில் பாடம் ஓடுகிறது, அலுவலகத்தில் யாரோ பட்டியல் ஏற்றுகிறார், மூன்று ஆசிரியர்கள் வருகைப் பதிவு போடுகிறார்கள். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். "சுத்திட்டே இருக்கு மிஸ்" என்று நாற்பது குரல் கிளம்பும். அந்தப் பாடவேளை அத்தோடு முடிந்தது.

அமெரிக்காவில் 2014-இல் அவர்களுடைய தகவல் தொடர்பு ஆணையம் பள்ளிகளுக்கு ஓர் அளவுகோல் வைத்தது. உடனடி இலக்கு ஆயிரம் மாணவருக்கு 100 மெகாபிட், நீண்டகால இலக்கு ஆயிரம் மாணவருக்கு ஒரு கிகாபிட். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டதுதான் அதில் நமக்கு வேண்டிய பாடம். நாம் 'பள்ளிக்கு ஓர் இணைப்பு' என்கிறோம். அறுபது பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கும் ஒன்று, இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கும் ஒன்று. மதிய உணவுக்கு யாராவது இப்படி அரிசி அளப்பார்களா?

இன்னொன்று. 'நூறு எம்பிபிஎஸ் வரை' என்று எழுதுகிறார்களே, அந்த 'வரை'யைக் கவனியுங்கள். தெருமுனையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அங்கே வருகிற ஒற்றை இழையை முப்பத்திரண்டு வீடு, சில இடங்களில் அறுபத்துநான்கு வீடு பங்கு போட்டுக்கொள்ளும். இதில் பள்ளிக்கு ஒரு நன்மையும் உண்டு. வீடுகளில் நெரிசல் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான். பள்ளிக்கு வேண்டியது காலை ஒன்பதரை முதல் சாயங்காலம் நாலரை வரை. அதனால் ஒரே இழையிலேயே பள்ளிக்கு நல்ல வேகம் கொடுக்க முடியும். கேட்டு வாங்குகிறவர் வேண்டும், அவ்வளவுதான். வேகம் குறைவான இடத்தில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பாடக் காணொளிகளை ராத்திரியே லேபில் உள்ள சர்வரில் இறக்கி வைத்துவிட்டால், பகலில் நாற்பது பிள்ளைகளும் வெளியே போகாமல் உள்ளேயே எடுத்துப் பார்க்கலாம். பல லேப்களில் சர்வர் ஏற்கெனவே இருக்கிறது. அதை இப்படிப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்த ஆளைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சமக்ர சிக்ஷா என்கிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு பள்ளிக்குக் கணினி ஆய்வகம் அமைக்க ஒருமுறை 6.40 லட்சம் ரூபாய். அதன் பிறகு ஆண்டுக்கு 2.40 லட்சம், ஐந்து ஆண்டுகளுக்கு. மின்சாரம், பழுது, பயிற்றுநர், இணையக் கட்டணம் எல்லாம் இந்தத் தொடர் தொகையில் அடக்கம். ஐந்து ஆண்டு ஆனதும் லேப் இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள், பணம் நின்றுவிடும். இதற்கு நடுவில் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தி வைத்தது. புதிய கல்விக் கொள்கையோடு சேர்ந்த திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பது காரணம். மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. இதில் யார் பக்கம் நியாயம் என்பதில் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது. பிள்ளைகளுக்காக ஒதுக்கிய பணத்தை ஒரு கையெழுத்துக்காக நிறுத்தி வைத்தது தவறு என்பதே என் கருத்து. எப்படியோ, தில்லிக்கும் சென்னைக்கும் நடுவில் ஒரு கோப்பு நின்றுபோனால் பள்ளிக்கூடத்து மோடம் வரைக்கும் அது வந்து தாக்கும்.

பணம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு பழைய கதை உண்டு. நாம் உட்கார்ந்திருக்கிற இந்த இடத்திலிருந்து வெங்கட்நாராயணா சாலை வழியாகப் போனால் தியாகராய நகர். எந்தத் தியாகராயர் பெயரை அந்த ஊர் தாங்கியிருக்கிறது? சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர். 1920-இல் ஆயிரம் விளக்கிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுப்பது என்று தீர்மானம் போட்டவர். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. சாப்பாடு கிடைத்ததால் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். ஆனால் 1925-இல் அந்தச் செலவுக்கு அன்றைய வெள்ளையர் அரசு அனுமதி மறுத்தது. திட்டம் நின்றது, பிள்ளைகளும் குறைந்தார்கள். 1956-இல் காமராசர் ஆட்சியில் மறுபடி தொடங்கி, பிறகு வந்த ஒவ்வோர் ஆட்சியும் அதைப் பெரிதாக்கி, 2022-இல் காலை உணவு வரைக்கும் வந்திருக்கிறோம். இன்றைக்கு எந்தக் கட்சி வந்தாலும் மதிய உணவில் கை வைக்க முடியாது. ஏன்? அது தினசரிச் செலவு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். 'போன வருஷம்தானே சோறு போட்டோம், இந்த வருஷமும் கேட்கிறார்களே' என்று யாரும் சொல்வதில்லை.

இணையத்துக்கும் அந்த நிலை வர வேண்டும். சென்னையில் நூறு மெகாபிட் இணைப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். அறுநூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் தலைக்கு இருபது ரூபாய், வருஷம் முழுமைக்கும். இரண்டு டீ விலைகூட இல்லை. வேகத்தை நான்கு மடங்கு ஆக்கினாலும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு ஆகிற செலவுக்கு மேல் போகாது. பணம் பெரிய தடை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாதாமாதம் தவறாமல் கட்டுவதற்கு ஓர் ஆளும் ஒரு கணக்குத் தலைப்பும் இல்லாததுதான் தடை.

அது வரை அந்தச் செலவை யார் தாங்குகிறார்கள் தெரியுமா? ஆசிரியர்கள். காலையில் பள்ளி வாசலுக்குள் நுழைந்ததும் வருகைப் பதிவு செயலியில். சாப்பிட்ட பிள்ளைகளின் கணக்கு செயலியில். தேர்வு, பயிற்சி, விலையில்லாப் பொருள் வழங்கியது எல்லாம் செயலியில். எங்கள் தெரு ஆசிரியை என்னிடம் காட்டினார். மூன்றாம் வகுப்பு ஜன்னலில் இரண்டாவது கம்பியை ஒட்டிப் போனைப் பிடித்தால்தான் சிக்னல். அந்த இடத்தில் சுவரில் சுண்ணாம்பு தேய்ந்து ஒரு கை அளவுக்கு வழவழவென்று ஆகியிருந்தது. ரீசார்ஜ் அவர் காசு. லேபுக்கு நெட் இல்லாத அந்தப் பதினோரு வாரமும் முக்கியமான தேர்வு வந்தபோதெல்லாம் அவர் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் பிள்ளைகளை எழுத வைத்திருக்கிறார். மத்தியானம் ஆவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். பிறகு பக்கத்து வகுப்பு சாரிடம் கேட்பார். அரசாங்கத்தின் பெயரில் ஓடுகிற ஒரு பெரிய தகவல் அமைப்பு, ஆசிரியர்களின் சொந்த ரீசார்ஜில் ஓடுகிறது. இதை யாரும் கணக்கில் எழுதியதில்லை. அவர்களும் கேட்டதில்லை.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. நம் பக்கத்தில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருந்துதான் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. நல்ல காரியம். டிவி இருந்த வீட்டில் பாடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் டிவியிடம் பிள்ளை கேள்வி கேட்க முடியாது. வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா வந்த பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் சண்டை. சைதாப்பேட்டையிலும் கோட்டூரிலும் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள்.

கொரோனாவுக்கு முந்தைய ஆண்டே, 2019 செப்டம்பரில், கேரள உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கல்லூரி விடுதியில் மாணவிகள் குறிப்பிட்ட நேரத்தில் கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து ஒரு மாணவி போட்ட வழக்கு. இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அதே கேரளத்தில் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கியபோது, கருவிகளுக்கு ஐந்தாண்டு உத்தரவாதமும், பழுதைச் சொல்வதற்குத் தனி இணையதளமும் கால்சென்டரும் சேர்த்தே ஏற்பாடு செய்தார்கள். நமக்கு வேண்டியது அதுதான். வெளிநாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. எஸ்டோனியா சோவியத்திடமிருந்து பிரிந்து ஐந்து வருஷம்கூட ஆகாதபோது, 1996-இல் 'புலிப் பாய்ச்சல்' என்று பெயர் வைத்து எல்லாப் பள்ளிக்கும் கணினியும் இணையமும் கொண்டுபோகும் திட்டத்தைத் தொடங்கியது. அவர்களிடம் அப்போது பணம் அதிகம் இல்லை. நம் மாநிலத்தோடு ஒப்பிட்டால் சின்ன நாடு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"சென்னைக்கு என்ன குறை? கிராமத்தைப் பாருங்கள்" என்று சிலர் சொல்வார்கள். கிராமத்தைப் பார்க்கத்தான் வேண்டும். பாரத்நெட் திட்டத்தில் நம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் வேலை 2022-இல் கன்னியாகுமரி மாவட்டம் முத்தலக்குறிச்சியில் தொடங்கியது. பெரும்பாலும் மின்கம்பங்களின் மேலேயே இழுத்தார்கள். பள்ளம் தோண்டுகிற செலவும் காலமும் மிச்சம். மத்திய அரசும் 2025-26 பட்ஜெட்டில் கிராமப்புற அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பாரத்நெட் வழியாக அகன்ற அலைவரிசை என்று அறிவித்தது. கவனியுங்கள், அது கிராமப்புறப் பள்ளிகளுக்கு. நந்தனத்துப் பள்ளிக்கும் புளியந்தோப்புப் பள்ளிக்கும் அந்த அறிவிப்பில் இடமில்லை. நகரம்தானே, எல்லாக் கம்பெனியும் இருக்கிறதே என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

கம்பெனிகள் இருக்கத்தான் செய்கின்றன. உலகத்தோடு இந்தியாவை இணைக்கிற கடலடிக் கேபிள்கள் கரையேறுகிற முக்கிய இடங்களில் ஒன்று நம் சென்னைக் கடற்கரை. சிங்கப்பூருக்கு இங்கிருந்து கேபிள் போகிறது. 2020 ஆகஸ்டில் இதே கரையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டுத் திறந்து வைத்தார்கள். வங்கக் கடலைத் தாண்டி அந்தமானுக்குப் போக முடிந்த வெளிச்சம், அண்ணா சாலையிலிருந்து பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுக்குள் இருக்கிற கடைசி நாற்பது மீட்டரில் நிற்கிறது. வேலை பார்த்தவன் என்கிற முறையில் எனக்கு இது தாங்க முடியாத வருத்தம்.

அந்த நாற்பது மீட்டரில் என்ன நடக்கிறது என்றும் சொல்கிறேன். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குத் தோண்டுகிறார்கள், கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டுகிறார்கள், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கேபிள் அறுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மேலே தொங்கிய வயர்கள் மரத்தோடு சேர்ந்து விழுந்தன. வீடுகளுக்கு இரண்டு நாளில் ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்கள், ஏனென்றால் வீட்டுக்காரர் பத்து தடவை போன் செய்வார். பள்ளிக்காக யார் பத்து தடவை போன் செய்வது? என் யோசனை எளிமையானது. நகரச் சாலைகளில் கேபிள் பதிக்க மாநகராட்சியிடம் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த அனுமதியிலேயே ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: போகிற வழியில் உள்ள அரசு, மாநகராட்சிப் பள்ளிக்கு ஓர் இணைப்பு, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பழுது நீக்குவது, தவறினால் நாளுக்கு இவ்வளவு அபராதம். முடிந்தால் இரண்டு வேறு திசையிலிருந்து இரண்டு இணைப்பு. ஒன்று அறுந்தால் மற்றது ஓடும்.

இன்டர்நெட் வந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஒரு தாய் சற்று முன் வாசலில் என்னிடம் கவலைப்பட்டார். அம்மா, உங்கள் கவலை நியாயம். ஆனால் நீங்கள் பயப்படுகிற இணையம் ஏற்கெனவே உங்கள் மகன் தலையணைக்கடியில் இருக்கிறது. அங்கே பக்கத்தில் ஆசிரியர் இல்லை. பள்ளியில் திரை பெரியது, நாலு பேர் சேர்ந்து பார்ப்பது, தேவையில்லாததைத் தடுத்து வைக்க வசதி இருக்கிறது, பக்கத்தில் மிஸ் நிற்கிறார். எதைத் தேடுவது, கிடைத்ததில் எதை நம்புவது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் ஏது?

பச்சை விளக்கு எரிந்த அன்று அந்த லேபில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பீரோவை இழுக்க எனக்குக் கைகொடுத்த பையன் தயங்கித் தயங்கி ஒரு கணினி முன்னால் உட்கார்ந்தான். பாலிடெக்னிக்கில் என்னென்ன பிரிவு இருக்கிறது, எதற்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று தமிழில் தட்டச்சு செய்து தேடினான். ஒரு தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டான். வேறு எதையும் அவன் திறக்கவில்லை. பதினோரு வாரமாக அவன் மனதில் வைத்திருந்த கேள்வி அது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு உங்கள் பள்ளிக்குப் போய், மோடம் எங்கே இருக்கிறது, விளக்கு பச்சையா சிவப்பா, இணைப்பு யார் போன் எண்ணில் பதிவாகியிருக்கிறது, கடைசியாகக் கட்டணம் கட்டியது எந்த மாதம் என்று நாலு விஷயம் கேட்டு வந்து அதில் எழுதுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்திலும் அதைப் பதியச் சொல்லுங்கள். வயர் வேலை இருக்கும் இடத்துக்கு நான் வருகிறேன். என் டார்ச்சும் ஸ்குரூ டிரைவரும் பையிலேயே இருக்கின்றன.